கவலைப்படாதே என்று சொல்வதற்கு ஓர் ஆலோசகர் எதற்கு?

"மனநல ஆலோசகரும் அறிவுரைதானே சொல்வார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நல்ல ஆலோசகர் முதலில் கேள்விதான் கேட்பார்.

கடலூர் முதுநகரில் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்ற புயல் வீட்டுக் கூரையைப் பிய்த்துப் போட்டதைப் பார்த்தவர். இன்றும் மார்கழிக் காற்று கொஞ்சம் பலத்தால் போதும், புதுச்சேரியில் வேலை செய்யும் மகனுக்கு மணிக்கு நான்கு முறை போன் செய்வார். குரல் கேட்டதும் நெஞ்சு லேசாகும்; கால் மணி நேரத்தில் மறுபடி படபடக்கும். நாம் "சும்மா கவலைப்படாதே" என்போம். அதனால் யாருடைய கவலை தீர்ந்திருக்கிறது?

ஆலோசகரோ அந்தப் போனைப் பற்றித்தான் கேள்வி கேட்பார். உடனே கிடைக்கும் நிம்மதி, போன் செய்தால்தான் பயம் அடங்கும் என்று மனதைப் பழக்கிவிடுகிறது. ஆகவே அடுத்த முறை பத்து நிமிடம் பொறுக்கச் சொல்வார், பிறகு இருபது. பயம் அலைபோல எழுந்து தானே இறங்குவதை அந்தத் தாய் தன் உடம்பிலேயே உணர வேண்டும். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வளர்த்தெடுத்த சிந்தனை-நடத்தைச் சிகிச்சையில் இத்தகைய பயிற்சிகள் முக்கியமானவை.

தூக்கமோ பசியோ வாரக்கணக்கில் கெட்டால் தள்ளிப்போடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.