மசக்கைக்கு மாத்திரை போடலாமா?

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் மசக்கையைச் சுற்றியே இருக்கின்றன. கர்ப்பிணிகளில் பத்துப் பேருக்கு ஏழெட்டுப் பேர் குமட்டலோ வாந்தியோ படுகிறார்கள். 6ஆவது வாரத்தை ஒட்டித் தொடங்கும், 9ஆவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், 16 வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். இத்தனை பேருக்கு வருவதாலேயே "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. பிரசவ வலியும் எல்லாருக்கும் வருவதுதான், அதற்காக யாரையும் தனியே விட்டுவிடுகிறோமா?

ஏழாவது வாரம் நடக்கிறது. டாக்டர் டாக்ஸினேட் எழுதிக் கொடுத்தார். "முதல் மூணு மாசம் மாத்திரையே கூடாது, நாங்களெல்லாம் மாத்திரை போட்டா பிள்ளை பெத்தோம்?" என்கிறார் மாமியார். வாங்கிய அட்டை பிரிக்காமல் இருக்கிறது. என்ன செய்யட்டும்? (தஞ்சாவூர்)

அட்டையைப் பிரித்து மாத்திரையைப் போடுங்கள். உங்கள் மாமியாரின் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் அது சும்மா வந்த பயம் இல்லை.

1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்றொரு தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. மசக்கைக்கும் நல்லது என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் அதைத் திரும்பப் பெறுவதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் கை கால் வளராமலும் வேறு குறைகளோடும் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் ஃபிரான்சஸ் கெல்சி என்ற அரசு மருத்துவர், "ஆதாரம் போதாது" என்று அனுமதி தராமல் பிடிவாதமாக நின்றதால் அந்த நாடு பெருமளவு தப்பித்தது. மசக்கை மாத்திரை என்றாலே வயிற்றைக் கலக்கும் பயம் அங்கிருந்து கிளம்பியதுதான்.

டாக்ஸினேட்டில் இருப்பது வேறு மருந்து. டாக்ஸிலமின் என்ற அலர்ஜி மருந்தும், பைரிடாக்ஸின் என்ற பி6 வைட்டமினும் சேர்ந்தது. இந்த இரண்டும் அடங்கிய மாத்திரை அமெரிக்காவில் பெண்டெக்டின் என்ற பெயரில் 1956 முதல் விற்றது, 3 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் சாப்பிட்டார்கள். பிறகு வழக்கு மேல் வழக்கு வந்தது. செலவு தாங்காமல் 1983இல் கம்பெனியே விற்பனையை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் மாமியாரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை போன பிறகு அங்கே பிறவிக் குறைபாடுகள் குறையவில்லை. மசக்கை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெண்களின் எண்ணிக்கைதான் கூடியது. 2013இல் அதே மருந்து புதுப் பெயரோடு அங்கே திரும்பி வந்தது. கர்ப்ப காலத்தில் இவ்வளவு பேரிடம், இவ்வளவு காலம் பார்த்துத் தேறிய மருந்துகள் மிகக் குறைவு. முதல் மூன்று மாதத்துக்கு என்றே உள்ள மாத்திரை இது.

கனடாவில் எனக்கு டிக்லெக்டின் தருகிறார்கள். திருச்சியில் இருக்கும் தங்கைக்கு டாக்ஸினேட். இரண்டும் ஒன்றா? (டொரான்டோ)

ஒன்றுதான். இரண்டிலும் டாக்ஸிலமின் 10 மில்லிகிராம், பி6 10 மில்லிகிராம். அமெரிக்காவில் நின்றுபோயிருந்த அத்தனை வருஷமும் உங்கள் ஊரில் அது தொடர்ந்து கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

வாந்தி வரும்போது ஒன்று போட்டுக்கொள்கிறேன். கேட்கவே இல்லை. ஆனால் தூக்கம் மட்டும் அள்ளிக்கொண்டு போகிறது. (விருதுநகர்)

வாந்தி வந்த பிறகு போட்டால் அது எப்படிக் கேட்கும்? தலைவலி மாத்திரை மாதிரி உடனே வேலை செய்கிற மருந்து இல்லை இது. வயிற்றில் கரையாமல், குடலுக்குப் போய்க் கரைகிற மாதிரி மேல்பூச்சு போட்டிருப்பார்கள். ராத்திரி போட்டால் விடியற்காலை, அதாவது உங்களுக்குக் குமட்டல் தொடங்குகிற நேரத்தில், வேலைக்கு வரும். அதனால்தான் பொதுவாகப் படுக்கும்போது இரண்டு என்று தொடங்குவோம். போதவில்லை என்றால் காலையில் ஒன்று, அதற்கும் அடங்காவிட்டால் மதியம் ஒன்று சேர்ப்போம். ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் போவதில்லை. உங்களுக்கு எத்தனை என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் தினமும் தவறாமல், வாந்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போட வேண்டும். மூன்று நாலு நாள் பார்க்காமல் "கேட்கவில்லை" என்று நிறுத்தாதீர்கள். உடைக்கவோ மெல்லவோ கூடாது, முழுதாக விழுங்குங்கள்.

தூக்கம் வரத்தான் செய்யும். பகல் மாத்திரை போட்டால் ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் வாந்திக்கு என்று கேட்டால் எமிசெட் கொடுத்தார்கள். நாக்கில் வைத்தால் கரைகிறது, உடனே நிற்கிறது. இப்போது எட்டாவது வாரம், தினமும் போடுகிறேன். தப்பா? (திருப்பூர்)

அதில் இருப்பது ஆண்டன்செட்ரான். ஓண்டம், வோமிகைண்ட் எல்லாம் அதேதான். நல்ல மருந்து, வாந்தியை நிறுத்துவதில் கெட்டிக்காரத்தனமான மருந்து. நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் முதல் மாத்திரையாக இல்லை, 10 வாரத்துக்கு முன்பு என்றால் இன்னும் யோசித்துத்தான்.

அமெரிக்காவில் 18 லட்சம் கர்ப்பங்களைப் பார்த்து 2018இல் வெளிவந்த ஆய்வு இது: முதல் மூன்று மாதத்தில் ஆண்டன்செட்ரான் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கு இதயக் கோளாறு கூடவில்லை. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு மட்டும் 10,000 குழந்தைகளுக்கு ஏறக்குறைய 3 அதிகமாக இருந்தது. இது சின்ன எண். சாப்பிட்டுவிட்டோமே என்று இனி ராத்திரி முழுக்க அழ வேண்டாம், வழக்கமாக எடுக்கிற 5ஆவது மாத ஸ்கேனைத் தவறாமல் எடுங்கள், போதும். ஆனால் டாக்ஸிலமின் போட்டு அடங்குகிற வாந்திக்கு, அந்தச் சின்ன எண்ணைக்கூட ஏன் ஏற்க வேண்டும்?

எனக்கு வருத்தம் தருவது கடையில் கேட்டு வாங்கியதுதான். இந்த மருந்து மலச்சிக்கலைக் கிளப்பும், தலைவலி தரும். நிறைய வாந்தி எடுத்து உடம்பில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கும், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கும் துடிப்பைக் குலைக்கக்கூடும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டார். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். டாக்ஸிலமின் போதவில்லை என்று அவரே ஆண்டன்செட்ரான் எழுதினால் தைரியமாகப் போடுங்கள்.

வாந்திக்கு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண் மேலே சொருகியது. வலிப்பு என்று எல்லாரும் பயந்துவிட்டார்கள். (திண்டுக்கல்)

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மெட்டோகுளோபிரமைடு, அதாவது பெரினார்ம் ஊசியாக இருக்கலாம். சிலருக்கு, அதுவும் இளவயதுப் பெண்களுக்கு, அது தசைகளை இப்படி முறுக்கிவிடும். வலிப்பு இல்லை. மாற்று ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், தழும்பு எதுவும் விடாது. வாந்திக்குத் தரும் ஸ்டெமெட்டில் மாத்திரைக்கும் இந்தக் குணம் உண்டு. மெட்டோகுளோபிரமைடால் குழந்தைக்கு ஆபத்தில்லை. டென்மார்க்கில் இந்த மருந்து எடுத்துக்கொண்ட 28,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்ததில் குறைபாடு எதுவும் கூடவில்லை.

என்ன மருந்து என்று அந்த ஆஸ்பத்திரியில் கேட்டு, உங்கள் கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை யார் ஊசி எடுத்தாலும் அதைக் காட்டுங்கள்.

சத்து மாத்திரை போட்டாலே குடலைப் புரட்டுகிறது. நிறுத்தினால் குழந்தைக்குச் சத்து குறையுமா? (கடலூர்)

குமட்டலைக் கிளப்புவது அதிலுள்ள இரும்பு. முதல் மூன்று மாதம் அது இல்லாமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டால் பெரும்பாலோருக்குப் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரும்பு மாத்திரையை நாலாவது மாதத்திலிருந்துதான் தருகிறார்கள். ரத்தம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோலிக் ஆசிட்டை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது, கடுகளவு மாத்திரைதான்.

இஞ்சி, எலுமிச்சை, மாதுளை மணப்பாகு? (காரைக்குடி, சேலம், யாழ்ப்பாணம் எனப் பலர்)

இஞ்சிக்குக் குமட்டலைக் குறைக்கும் குணம் இருப்பது ஆய்வுகளிலும் தெரிகிறது. வாந்தியை அவ்வளவாக நிறுத்தாது. ஒரு நாளைக்கு ஒரு கிராம் சுக்குப்பொடி அளவுக்கு மேல் வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் விற்கும் இஞ்சி மரப்பாவைக்கூட வாயில் போட்டுக்கொள்ளலாம். எலுமிச்சையை முகர்ந்தால் சுகமாக இருந்தால் முகருங்கள். மணப்பாகு சித்த மருத்துவர்கள் மசக்கைக்குக் காலங்காலமாகக் கொடுப்பது. அதில் சர்க்கரை நிறைய, எனவே சர்க்கரை நோய் இருந்தால் கவனம்.

லேசான மசக்கைக்கு இவை போதும். தண்ணீர்கூடத் தங்காத பெண்ணிடம் "இஞ்சி சாப்பிட்டுப் பார்த்தியா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

என் மனைவிக்குப் பத்தாவது வாரம். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை வாந்தி. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடுகிறது. 56 கிலோ இருந்தவள் 52க்கு வந்துவிட்டாள். எழுந்து நடக்கவே முடியவில்லை. "பொம்பளைப் பிள்ளைன்னா இப்படித்தான்" என்கிறார்கள். (தேனி)

தம்பி, இதைப் படித்ததும் கிளம்பிவிடுங்கள். இது சாதாரண மசக்கை இல்லை. கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதைக் கடும் மசக்கை நோயாகவே எடுத்துக்கொள்வோம். உங்கள் மனைவிக்கு 7 சதவீதம் குறைந்திருக்கிறது. நூறு கர்ப்பிணிகளில் ஓரிருவருக்கு இப்படி ஆகிறது. பிள்ளை ஆணா பெண்ணா என்பது இப்போது முக்கியமே இல்லை.

ஆஸ்பத்திரியில் சிறுநீர், உப்புச் சத்துகள், ஈரல், தைராய்டு எல்லாம் பார்ப்பார்கள். இரட்டைக் குழந்தையா, முத்துக்கர்ப்பமா (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துபோல வளர்வது) என்று ஸ்கேன் எடுப்பார்கள். சிறுநீரில் கீட்டோன் (பட்டினியில் உடம்பின் கொழுப்பு கரையும்போது வருவது) இல்லை, அதனால் பெரிதாக ஒன்றுமில்லை என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எடை குறைந்ததைச் சொல்லுங்கள், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்பதைச் சொல்லுங்கள்.

டிரிப்ஸ் ஏற்றுவார்கள். அதில் ஒன்றை நீங்கள் நினைவுபடுத்தலாம், தப்பே இல்லை. பல நாள் சாப்பிடாதவருக்கு முதலில் தயமின், அதாவது பி1 வைட்டமின், கொடுக்க வேண்டும். அது இல்லாமல் நேரே குளுக்கோஸ் ஏற்றினால் உடம்பில் மிச்சமிருக்கும் தயமினும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மீள்வது கடினம். அதனால்தான் நாங்கள் உப்புநீர் டிரிப்ஸில் தொடங்கி, தேவையான பொட்டாசியத்தைச் சேர்ப்போம். மருந்துகளை ஊசி வழியாகக் கொடுப்போம். ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்றைச் சேர்ப்போம். எல்லாம் தோற்றால் ஸ்டீராய்டும் உண்டு. பெரும்பாலோருக்கு அதுவரை போக வேண்டியிருக்காது.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். இது மனசு சம்பந்தப்பட்டதோ, தைரியம் இல்லாததாலோ வந்தது இல்லை. நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் முக்கியக் காரணம் என்று 2023 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு காட்டியது. கர்ப்பத்துக்கு முன்பு அந்த ஹார்மோன் குறைவாக இருந்து பழகிய உடம்புக்கு, திடீரென்று அது ஏறும்போது தாங்க முடிவதில்லை. அந்த ஆய்வில் முன்நின்றவர்களில் ஒருவரான மார்லினா ஃபெய்சோ, தானே கடும் மசக்கையில் தன் குழந்தையை இழந்தவர். அவருடைய வாந்தியையும் அப்போது டாக்டரே நம்பவில்லை.

வண்டி இல்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஏழாம் மாதம். நாலு மாதமாக வாந்தி இல்லை, மூன்று நாளாகத் திரும்ப வருகிறது, தலைவலியும் இருக்கிறது. பித்தம் என்கிறார்கள். பழைய டாக்ஸினேட் மிச்சம் இருக்கிறது, போடலாமா? (நாகர்கோவில்)

வேண்டாம், இன்றே பிரஷர் பாருங்கள். நின்ற வாந்தி பின்மாதங்களில் புதிதாக வந்தால் அதை மசக்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தலைவலியோடு வந்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, முகம் வீங்குவது இருந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

முதல் குழந்தைக்கு மூன்று தடவை அட்மிட் ஆனேன். இரண்டாவது வேண்டும் என்று ஆசை, ஆனால் அதை நினைத்தாலே நடுங்குகிறது. (கோவை)

நடுங்காமல் எப்படி இருக்கும்? மறுபடி வரும் வாய்ப்பு உங்களுக்கு மற்றவர்களைவிட நிச்சயம் அதிகம். ஆனால் இந்த முறை நாம் முந்திக்கொள்ளலாம். கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் உள்ள வைட்டமின் மாத்திரை போடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு கோடு தெரிந்த அன்றே, குமட்டல் வரும் முன்பே, டாக்ஸினேட் தொடங்கிவிடலாம். அப்படித் தொடங்கியவர்களுக்கு வேகம் குறைவாக இருந்ததாக ஆய்வுகளிலும் தெரிகிறது, என்னிடம் வந்தவர்களிடமும் கண்டிருக்கிறேன். இப்போதே டாக்டரிடம் பேசி, எந்த மருந்து முதலில், எது அடுத்து, எத்தனை வாந்திக்கு ஆஸ்பத்திரி என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதன் நகல் ஒன்று கணவரிடம் இருக்கட்டும், உங்களால் பேச முடியாத அன்றைக்கு அவர் அதைக் காட்டிப் பேச வேண்டியிருக்கும்.