முட்டையில் ஒரு பென்சில் கோடு

கேள்வி: முதலைப் பண்ணைகளில் முட்டைகளைப் பொரிக்க விடாமல் எடுத்துவிடுகிறார்களாமே? அழிந்துவரும் உயிர் என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்யலாமா?
– வாசகி, சிதம்பரம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. முதலை முட்டையோடு பல வருடம் புழங்கியவன் நான். எனக்கும் அது வலிக்கும்.

ஒரு வளர்ப்பு மையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மணல் குழியிலிருந்து முட்டைகளை எடுத்து வாளியில் அடுக்கினேன். கோழி முட்டை என்ற நினைப்பில் வாகாக உருட்டி உருட்டி வைத்துவிட்டேன். முட்டையிட்ட ஒரு நாளைக்குள் கரு மேல்பக்க ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அந்தக் குழியிலிருந்து ஒரு குஞ்சுகூட வரவில்லை. அதன் பிறகு, குழியில் இருக்கும்போதே ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, கோடு மேலே பார்த்தபடியே தூக்குவேன்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதும் முட்டை இருக்கும் குழியின் சூட்டைப் பொறுத்தது. சதுப்புநில முதலையில் 28 முதல் 31 டிகிரி வரை பெண், 32.5 டிகிரியில் ஆண். பொரிக்கும் நேரத்தில் ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு குரல் கொடுக்கும். தாய் வந்து மணலைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீரில் கொண்டுபோய் விடும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1976இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தம்பதி தொடங்கிய, சென்னைக்குத் தெற்கே உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணையில், ஒரே வருடத்தில் இரண்டு தடவை முட்டையிட்ட முதலைகளும் உண்டு. எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது. அத்தனையையும் எங்கே விடுவது? கொள்ளிடத்தில் இறங்கியவர்களை முதலை கடித்த செய்தி உங்களுக்குப் புதிதல்ல. அங்கே இன்னும் குட்டிகளை விடுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? நெரிசலில் ஒன்றையொன்று கடித்துச் சாவதைவிட, முட்டையிலேயே நிறுத்துவது தேவலை என்பதுதான் என் முடிவு.

ஆனால் கரியால் விஷயம் வேறு. நீண்ட ஒல்லி மூக்கால் மீன் பிடிக்கும் அந்த முதலைக்கு வட இந்தியாவின் சம்பல் ஆறுதான் பெரிய அடைக்கலம். ஆற்றங்கரை முட்டைகளை லக்னோ அருகே குக்ரைல் வளர்ப்பு மையத்தில் பொரிக்கவைத்து, குட்டிகள் ஏறக்குறைய 1.2 மீட்டர் வளர்ந்ததும் ஆற்றில் விடுகிறார்கள். அந்தச் சம்பலிலேயே 2007-08 குளிர்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் செத்தன. அங்கே ஒரு முட்டையும் வீணாகக் கூடாது. ஆனால் அவை முட்டையிடும் மணல் திட்டுகளையே லாரியில் அள்ளிப் போகிறார்கள். முதலில் அதை நிறுத்த வேண்டும்.