கோடு எழுதிக் கோடு வரைவோம்: வாசகர் கேள்விகள்

நிரல் எழுதிப் படம் வரையக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை நிறையவே சேர்ந்துவிட்டன. பன்னிரண்டு வருடமாக இதே வகுப்பை எடுக்கிறேன். இவற்றில் ஒன்றிரண்டு கேள்விகள் வருடம் தவறாமல் வகுப்பிலும் வருபவை.

கேள்வி: நுண்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் கணினி வழி ஓவியம் கட்டாயப் பாடம். பள்ளியோடு கணக்கைத் தலைமுழுகியவள் நான். தாக்குப்பிடிப்பேனா?

தாராளமாக. முதல் மாதத்துக்கு வேண்டிய கணக்கெல்லாம் கட்டம் போட்ட தாளில் எண்ணத் தெரிவதுதான். திரையின் மேல் இடது மூலை பூஜ்யம். வலப்பக்கம் போகப் போக எக்ஸ் கூடும், கீழே இறங்க இறங்க ஒய் கூடும். மேலே ஏறினால்தான் ஒய் கூடும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இங்கே அது தலைகீழ். முதல் நாள் வீடு வரையச் சொன்னால் பாதிப் பேருக்குக் கூரை கீழே வந்துவிடும். பரவாயில்லை, ஒரு தடவை அப்படி வந்தால் ஆயுசுக்கும் மறக்காது.

சைன், காஸ் எல்லாம் பிறகு. ஏதாவது ஒன்று அலை போல ஏறி இறங்க வேண்டும் என்று உங்களுக்கே ஆசை வரும். அன்றைக்குச் சைன் பாடம் தூரிகை மாதிரி கைக்கு வந்து சேரும்.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு வருடம், 400க்கு 400 திரையில் ஒரே ஒரு பெரிய வட்டம் வரையச் சொன்னேன். நிரல் நன்றாகத் தெரிந்த மாணவர்கள் எல்லோரும் 200, 200 என்று நட்டநடுவில் வைத்தார்கள். ஓவியத் துறையிலிருந்து வந்த பெண் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரே எண்ணை மாற்றினாள்: 200 இருந்த இடத்தில் 370. வட்டத்தின் ஒரு பக்கம் சட்டத்துக்கு வெளியே போனது. இடப்பக்க வெற்றிடம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து பார்த்தார்கள். அவளுக்கு அன்று தெரிந்த கட்டளைகள் மூன்றோ நான்கோதான்.

கேள்வி: தற்செயலாக ஒரு எண்ணை எடுத்துத் தரும் 'ராண்டம்' கட்டளையைக் கற்றுக்கொண்டு இடம், அளவு, நிறம் எல்லாவற்றுக்கும் போட்டேன். 500 வட்டங்கள். ஒவ்வொரு தடவையும் புதுப் படம் வருகிறது; ஆனால் எல்லாமே குப்பையாகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு?

உங்கள் கண்ணில் தப்பில்லை, அது சரியாகத்தான் சொல்கிறது. எல்லாவற்றையும் தற்செயலிடம் விட்டுவிட்டால் படத்தின் எந்த மூலையும் மற்ற மூலையிலிருந்து வேறுபடாது. பார்க்கிறவரின் கண் நிற்க இடமில்லாமல் வழுக்கிக்கொண்டே போகும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் படம் ஒன்று உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் நீஸ் 1965-லேயே ஸ்டுட்கார்ட்டில் கணினி வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தவர். 1960களின் கடைசியில் அவர் செய்த படத்துக்குப் பெயர் 'ஷாட்டர்', அதாவது ஜல்லி. வரிசைக்கு 12 சதுரங்கள், மொத்தம் 22 வரிசைகள். மேல்வரிசையில் எல்லாம் ஒழுங்காக நிற்கும். கீழே வர வர ஒவ்வொன்றாகச் சாயும், நகரும். அடியில் கொட்டிவிட்ட ஜல்லி மாதிரி கிடக்கும். அங்கேயும் ராண்டம்தான் வேலை செய்கிறது. ஆனால் எந்த வரிசையில் எவ்வளவு தூரம் அது ஆடலாம் என்பதை நீஸ் முடிவு செய்திருக்கிறார்.

நீங்களே செய்து பாருங்கள். திரை 480க்கு 780. சுற்றிலும் 60 விளிம்பு விட்டால் நடுவில் 30 அளவுச் சதுரங்கள் வரிசைக்கு 12 வீதம் 22 வரிசை கச்சிதமாக உட்காரும். வரிசை எண்ணைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். கழித்தல் 1-க்கும் 1-க்கும் இடையே ஒரு ராண்டம் எண் எடுத்து, வரிசை எண்ணாலும் பிறகு 2-ஆலும் பெருக்கினால் அதுதான் சாயும் கோணம்; அதைப் பாகையாக எடுத்துக்கொள்ளும்படி நிரலில் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் வரிசையில் பூஜ்யத்தால் பெருக்குவதால் அசைவே இருக்காது. கடைசி வரிசையில் 42 பாகை வரை சாயலாம். நகர்வுக்கும் இதேதான், 2-க்குப் பதில் அரை போதும்.

ஓடவிட்டதும் சதுரங்கள் குளிர் காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும். பயந்துவிடாதீர்கள். நிரலில் படத்தை வரையும் 'டிரா' பகுதி வினாடிக்கு ஏறக்குறைய 60 தடவை ஓடுகிறது, ஒவ்வொரு தடவையும் புது எண் எடுக்கிறது, அதனால்தான் அந்த நடுக்கம். தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை ஓடும் 'செட்டப்' பகுதியில் 'நோலூப்' என்று போட்டால் ஒரே தடவை வரைந்துவிட்டு நின்றுவிடும். கூடவே 'ராண்டம்சீட்' கட்டளைக்கு ஏதாவது ஒரு எண் கொடுங்கள். 7 கொடுத்தால் எப்போது ஓட்டினாலும் அதே படம்தான், 8 கொடுத்தால் வேறு படம். ஒன்று முதல் ஐம்பது வரை மாற்றி மாற்றிப் பார்த்து, பிடித்த எண்களை நோட்டில் குறித்து வையுங்கள். ஏன் பிடித்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். என் மாணவர்களின் நோட்டில் நான் முதலில் தேடிப் படிப்பது அந்த வரிகளைத்தான்.

அதன் பிறகு உங்கள் 500 வட்டங்களுக்குத் திரும்பிப் போங்கள். இடத்தை மட்டும் தற்செயலுக்கு விட்டு, நிறத்தை மூன்றே மூன்றாகக் கட்டிப்போடுங்கள். அளவை, நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதோடு இணையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம்.

கேள்வி: பைத்தானா, பி5.ஜேஎஸ்ஸா? எதில் ஆரம்பிப்பது?

பி5.ஜேஎஸ். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் கட்டளைகளெல்லாம் அதனுடையவைதான். உலாவியைத் திறந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். கலைஞர்களுக்காகவென்றே கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001-ல் தொடங்கிய ப்ராசஸிங் என்ற நிரல் மொழியின் வழியில், லாரன் மெக்கார்த்தி 2013-ல் ஆரம்பித்தது அது. கல்லூரியில் பைத்தான்தான் சொல்லித்தருகிறார்கள் என்றால் அதிலேயே 'டர்ட்டில்' என்ற வரையும் கருவி இருக்கிறது. 1967-ல் குழந்தைகளுக்காக உருவான லோகோ என்ற நிரல் மொழியில், கட்டளைப்படி நகர்ந்து கோடு போடும் ஆமையிலிருந்து வந்தது. ஆரம்பத்துக்கு அதுவும் நல்லதுதான்.

கேள்வி: வீட்டில் என் படத்தைக் காட்டினால், "கம்ப்யூட்டர்தானே வரைந்தது, நீ என்ன செய்தாய்?" என்கிறார் அண்ணன். பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி எனக்கும் வந்திருக்கிறது, வலித்தும் இருக்கிறது. உங்கள் அண்ணனிடம் வேரா மோல்னார் பற்றிச் சொல்லுங்கள். ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஓவியர். 1959-ல் அவரிடம் கணினி இல்லை. தனக்குத் தானே விதிகளை எழுதிக்கொண்டு, ஒரு இயந்திரம் வரைவதுபோல் அந்த விதிகளின்படி ஒவ்வொன்றாகக் கையாலேயே வரைந்தார். அந்த முறைக்குக் 'கற்பனை இயந்திரம்' என்று பெயரும் வைத்தார். 1968-ல்தான் நிஜக் கணினி கைக்கு வந்தது. அதன் பிறகும் சதுரத்தை விடவில்லை; கொஞ்சம் கலைப்பார், பார்ப்பார், இன்னும் கொஞ்சம் கலைப்பார். 2023 டிசம்பரில், நூறாவது பிறந்த நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மறைந்தார்.

விதியை எழுதியது யார், வந்த ஐம்பது படங்களில் நாற்பத்தொன்பதை ஒதுக்கியது யார் என்று அண்ணனிடம் கேளுங்கள். அந்த ஐம்பதையும் மேசையில் பரப்பி, நீங்கள் எதை எடுத்தீர்கள் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். அவர் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது புரியத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் நிரலை எடுத்து எண்களை மாற்றி ஒப்படைக்கிறார்கள் என் நண்பர்கள். நானும் செய்யலாமா?

படிப்பதற்கு எடுங்கள், உடைத்துப் பாருங்கள். ஆனால் ஒப்படைக்கும் முன் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, வெறும் திரையில் நினைவிலிருந்து எழுதுங்கள். தடுமாறும் இடம்தான் நீங்கள் இன்னும் கற்காத இடம். யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவர் பெயரை நிரலின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கேள்வி: திரை நடுவில் இருக்கும் சதுரத்தைச் சுழற்ற 'ரொட்டேட்' போட்டேன். சதுரம் எங்கோ ஓடிவிட்டது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

ஐயோ, முதலில் தூங்குங்கள் தம்பி. காலையில் ஒரு கண்ணாடித்தாளில் சதுரம் வரைந்து, தாளின் மேல் இடது மூலையில் ஒரு குண்டூசி குத்திச் சுழற்றிப் பாருங்கள். சதுரம் பெரிய வளைவாக ஊர்ந்து போகும். திரையிலும் அதுதான் நடக்கிறது. சுழல்வது சதுரம் அல்ல, முழுத் தாள்.

ஆகவே வேறொரு வெற்றுத் தாளை எடுத்து, அதன் மூலையை உங்களுக்கு வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோங்கள், அது 'டிரான்ஸ்லேட்'. அங்கே வைத்துத் திருப்புங்கள், அது 'ரொட்டேட்'. பிறகு பூஜ்யம், பூஜ்யத்தில் சதுரத்தை வரையுங்கள். மையத்தை வைத்து வரையும்படி 'ரெக்ட்மோட்' கட்டளையை முன்பே மாற்றிவிடுங்கள். தொடங்கும் முன் 'புஷ்', முடிந்ததும் 'பாப்' போட்டால் தாள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அடுத்த சதுரத்துக்குத் தொந்தரவில்லை.

கோணத்துக்கு 45 என்று கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். பாகை என்று நீங்கள் சொல்லாதவரை, அதை ரேடியன் என்ற வேறு கோண அலகாகத்தான் கணினி எடுத்துக்கொள்ளும்.