கேம் ஆடும்போது லேப்டாப் சூடாகி ரீஸ்டார்ட் ஆகிறது, என்ன செய்வது?

கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், கேம் தொடங்கி அரைமணி நேரத்தில் லேப்டாப் அணைந்து மீண்டும் ஆன் ஆகிறது, விண்டோஸை மாற்றிப் போட்டும் சரியாகவில்லை என்கிறீர்கள். விண்டோஸ்மேல் பழி போடுவதற்கு முன் வெப்பத்தை அளந்து பாருங்கள்.

வெப்பத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதன் வெப்பப் பதிவை ஓடவிட்டுக் கேம் ஆடுங்கள். பெரும்பாலான பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸில் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். அதையும் மீறிச் சூடேறினால் மதர்போர்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வரும் கெர்னல்-பவர் 41 என்ற பிழைக்குறிப்பு, லேப்டாப் திடீரென அணைந்ததை மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

வெப்பம்தான் என்றால் முதல் சந்தேகம் தூசி. நம் பக்கம் கிரானைட் குவாரி, லாரி ஓடும் சாலை என்று தூசிக்குப் பஞ்சமில்லை. மின்விசிறியைவிட, அதையடுத்த செப்புத் தகடுகளின் இடுக்கில்தான் அது கம்பளம்போல் அடைந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடுங்கள். பிராசஸரின் சூட்டைக் கடத்த அதன்மேல் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள், கடைக்கே கொண்டுபோங்கள்.

அதுவரை, விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் உச்ச அளவை (Maximum processor state) 99 சதவீதமாக்குங்கள். பிராசஸர் தானாக எடுக்கும் கூடுதல் வேகமான டர்போ நின்று சூடு நன்றாகக் குறையும். மெத்தைமேல் வைத்து ஆடவே வேண்டாம்.

80 டிகிரிகூடத் தாண்டாமல் அணைகிறதா? அப்போது குறைந்த வாட் சார்ஜர், ரேம், கிராபிக்ஸ் டிரைவர் என்ற வரிசையில் தேடுங்கள்.