மங்கியது வட்டமா, நம் பார்வையா?

கேள்வி: என் மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஒரு படம் பார்த்தேன். மணல் இறைத்ததுபோல் மெல்லிய புள்ளிகள் கொண்ட ஒரே வட்டத்தை இரண்டு இடங்களில் அச்சிட்டிருந்தார்கள். வெறும் சாம்பல் நிறத்தின் நடுவே அது பளிச்சென்று தெரிந்தது. அழுத்தமான கறுப்பு வெள்ளைப் புள்ளிகளின் நடுவே வெளிறிப்போய் இருந்தது. இரண்டும் ஒன்றேதான் என்கிறார்கள். என் கண்ணில் கோளாறா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: கோளாறு ஏதும் இல்லை. வட்டத்தின் அளவுக்கு ஓட்டை வெட்டிய வெற்று அட்டையை, சுற்றியுள்ள புள்ளிகள் மறையும்படி படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். வெளிறியிருந்த வட்டம் அப்போதே துலங்கிவிடும். அட்டையை எடுத்ததும் மறுபடி மங்கும். உண்மை தெரிந்த பிறகும் மங்குகிறது என்பதுதான் இன்றும் என்னை வியக்கவைக்கிறது.

அருகில் இருப்பது நிறத்தை மாற்றிக் காட்டும் என்பது பழைய செய்தி. பாரிசின் கோப்ளன் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூலில் அழுத்தம் போதவில்லை என்ற புகாரை ஆராய்ந்து, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கச் செய்கின்றன என்று கண்டறிந்தார். இதைப் பற்றிய அவருடைய நூல் 1839-இல் வெளிவந்தது. ஆனால் அந்த வகைக் கண்மயக்கத்தில் ஒரு பொருள் முழுவதும் ஒரே பக்கமாக, அதாவது கருமையை நோக்கியோ வெண்மையை நோக்கியோதான் நகரும். நீங்கள் பார்த்த வட்டத்திலோ வெளிச்சமான புள்ளிகள் சற்று இருள்கின்றன, இருண்ட புள்ளிகள் சற்று வெளுக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மாறுவது வெளிச்சம் அன்று, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளி. தொலைக்காட்சியில் நாம் கூட்டிக் குறைக்கும் கான்ட்ராஸ்ட்.

இதை 1989-இல் அமெரிக்காவில் சார்லஸ் சப், ஜார்ஜ் ஸ்பெர்லிங், ஜோஷுவா சாலமன் ஆகிய ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டினர். வட்டத்தில் நுண்புள்ளிகளும் சுற்றிலும் பெரும்புள்ளிகளுமாக, அளவு ஒவ்வாதபடி அமைத்தால் மயக்கம் பெரிதும் குறைந்துவிடுகிறது. வட்டத்தை ஒரு கண்ணுக்கும் சுற்றுப்புறத்தை மற்றக் கண்ணுக்கும் காட்டினாலும் அப்படியே. ஆகவே, ஒரே வகை வடிவத்தை உணரும் நரம்புச் செல்கள் அண்டையில் உள்ளவற்றை அடக்குகின்றன என்றும், இரு கண்களின் செய்திகள் ஒன்றுசேரும் முன்பே இது பெருமளவு நடந்துவிடுகிறது என்றும் கொள்ள இடமிருக்கிறது.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? லோட்டோ, பர்வ்ஸ் என்னும் நரம்பியல் ஆய்வாளர்கள் இருவரும் 2001-இல் கூறிய விளக்கம் எனக்குப் பிடித்தமானது. மூடுபனியில் எல்லாமே வெளிறித் தெரியும். அப்போது மங்கலாகத் தெரியும் பொருள் உண்மையில் அவ்வளவு மங்கலானதாக இருக்காது என்று மூளை ஈடுசெய்துகொள்கிறது. சுற்றிலும் யாவும் பளிச்சென்று இருக்கும்போது பனியைக் காரணம் காட்ட வழியில்லை. ஆகவே அந்தப் பொருளே மங்கலானது என்று முடிவுகட்டுகிறது.

லண்டனில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்பட்ட மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் இந்த மயக்கத்துக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே ஆட்பட்டு, வட்டத்தின் உண்மையான கான்ட்ராஸ்ட் அளவை மற்றவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். சுற்றுப்புறத்தைக் கணக்கில் எடுத்து அடக்கும் அந்தச் செயல் அவர்களிடம் தளர்ந்திருப்பதே காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதற்காக இந்தப் படத்தை வைத்து வீட்டில் யாருடைய மனநலத்தையும் எடைபோட வேண்டாம். இது நோயறியும் சோதனை அன்று.