வீட்டிலேயே குழந்தைக்குப் பௌத்தத்தை எப்படிச் சொல்லித் தருவது?

காரைக்குடியில் இருக்கும் தாங்கள், ஏழு வயது மகளுக்குப் பௌத்த நெறியை எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூவிலிருந்து தொடங்குங்கள். முற்றத்துச் செம்பருத்தியைக் காலையில் புத்தர் படத்தின்முன் அவள் கையாலேயே வைக்கச் செய்து, அந்தியில் அது சுருங்கிக் கிடப்பதைக் காட்டுங்கள். இலங்கை, பர்மா போன்ற நாடுகளில் வழங்கும் பௌத்தப் பிரிவான தேரவாத மரபின் மலர் வழிபாட்டுப் பாடலும், இம்மலர் வாடுவதுபோல இவ்வுடலும் அழியும் என்றே சொல்கிறது. நிலையாமைக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் அறியேன்.

அடுத்தது ஐந்து சீலங்கள், அதாவது ஒழுக்க நெறிகள். கொல்லாமை, திருடாமை, முறையற்ற காமம் தவிர்த்தல், பொய்யாமை, மது அருந்தாமை ஆகியவை மேலிருந்து இடப்பட்ட கட்டளைகள் அல்ல, தானே ஏற்கும் பயிற்சிகள் என்பதை அவசியம் சொல்லுங்கள். சீப்புச்சீடைத் தூக்கில் எறும்பு ஏறினால், நசுக்காமல் திண்ணையில் தட்டிவிடப் பழக்குங்கள். மூன்றாவதையும் ஐந்தாவதையும் வளர்ந்தபின் விளக்கலாம்.

கதைக்கு மணிமேகலை இருக்கிறது. ஆதிரை இட்ட முதல் பிச்சையால் அள்ள அள்ளக் குறையாததாகிய அமுதசுரபி என்னும் உணவுப் பாத்திரத்தின் கதையைக் கேட்ட குழந்தை, தானத்தின் பொருளைத் தானே உணர்ந்துகொள்ளும். வீட்டுத் தூண்கள் பர்மாத் தேக்கு என்றால், அந்நாட்டில் துறவியர் விடியற்காலையில் பாத்திரம் ஏந்தி வருவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூச்சைக் கவனித்து அமர்வதற்கு ஐந்து நிமிடம் போதும். புத்தர் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் வைகாசிப் பௌர்ணமியன்று மட்டும் விளக்கேற்றிச் சற்று நீட்டிக்கலாம்.