இரவு வண்டி நிலையத்துக்கு வெளியே நிற்பது ஏன்?

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள உப்புவெளியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகிறார். இரவுத் தபால் வண்டி விடியற்காலையில் கொழும்புக் கோட்டையை அடைந்துவிடும் என்று சொல்லி, அன்று காலை விமானத்துக்கே முகவர் சீட்டெடுத்துவிட்டாராம். அந்த வண்டி இருட்டில் நிலையத்துக்கு வெளியே நெடுநேரம் நிற்பது பழுதினாலா என்பது அவருடைய கேள்வி.

பெரும்பாலும் பழுதில்லை, அம்மா. திருகோணமலையிலிருந்து கல்ஓயா சந்தி வழியாக மாகோ வரை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிக்கொள்ள இரண்டாவது தடம் நிலையங்களில்தான் உண்டு. இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம் என்பதற்கு அத்தாட்சியாக, டேப்லட் எனப்படும் தட்டொன்றை வளையம் பூட்டிய தோற்பையில் வைத்துச் சாரதியிடம் கொடுப்பார்கள். இரு பக்க நிலைய அதிபர்களும் இணங்கினாலன்றி நிலையத்திலுள்ள டேப்லட் இயந்திரம் அதை வெளியே விடாது. ஒன்று வெளியே இருக்கும்வரை இன்னொன்றும் கிடைக்காது. 1878இல் இங்கிலாந்தில் வந்த ஏற்பாடு இது. பத்திரமானதுதான், ஆனால் 1927இல் திருகோணமலைக்கு வந்த பாதையில் இன்னும் இதற்காகக் காத்துக் கிடக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இரு வண்டிகளையும் ஒரே வேளையில் நிலையத்துக்குள் விடமாட்டார்கள். ஒன்று நிற்க வேண்டிய இடம் தாண்டிச் சற்று ஓடிவிட்டாலும் மற்றதன் முன்னே போய் நிற்கும் என்பதால், ஒன்றைக் கைகாட்டி எனப்படும் சமிக்ஞைக் கம்பத்துக்கு வெளியே நிறுத்திவைக்கிறார்கள். உங்கள் மகன் காணப்போகும் இருட்டு அதுதான். இதற்கு ஒரு விலக்கு உண்டு: எதிர் வண்டி முன்னதாகவே வந்து பக்கத் தடத்தில் முழுவதுமாக நின்றிருந்தால், உங்கள் வண்டி நிற்காமல் உள்ளே வரலாம். ஆனால் 'முழுவதுமாக' என்பதை வேகமாக வாசித்துவிடாதீர்கள். கடைசிப் பெட்டியின் வால்விளக்கை ஊழியர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், ஏனெனில் இடையில் கொக்கி கழன்ற பெட்டி ஒன்று பாதையிலேயே நின்றிருக்கக்கூடும். அதன் பிறகு தடம் உங்கள் பக்கம் மாற்றிப் பூட்டப்பட்ட பின்னரே கைகாட்டி இறங்கி வழிவிடும். இவற்றில் ஒன்று பாக்கி இருந்தாலும் விலக்கு இல்லை.

ஒரு வண்டி பிந்தினால், அதற்காகக் காத்திருக்கும் எதிர் வண்டியும் பிந்தும். யானைகள் நடமாடும் கல்ஓயாப் பகுதியில் இரவு வேகக் கட்டுப்பாடு வேறு. பொல்காவலைக்குப் பின்னர் இரட்டைப் பாதை கிடைத்தாலும், இழந்த நேரம் முழுவதும் திரும்பாது. காலை அலுவலக வண்டிகளின் நெரிசலுக்குள் அகப்பட்டால் இன்னும் மோசம்.

இதெல்லாம் முகவருக்குத் தெரியாததன்று. முதல்நாள் தங்கும் செலவை மிச்சப்படுத்தவே இப்படிச் செய்கிறார்கள். விமானம் தவறினால், 'வண்டி பிந்தினால் நாங்கள் என்ன செய்வது' என்று கைவிரித்து, புதிய சீட்டுக்கும் உங்களிடமே பணம் கேட்பார்கள். 'நிலைய அதிபர் நம்ம ஆள், வண்டியை நேரத்துக்கு விடச் சொல்கிறேன்' என்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எதிர்நிலையம் டேப்லட்டுக்கு இணங்காமல் எந்த அதிபராலும் வண்டியை அனுப்ப முடியாது. ஆசனச் சீட்டையும் முகவரிடம் வாங்காமல் நிலையத்திலேயே எடுத்து, அதிலுள்ள அடையாள அட்டை இலக்கம் மகனுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானத்தை அடுத்த நாளுக்கு மாற்றும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், மகனை ஒரு நாள் முன்னதாகவே அனுப்பி, நீர்கொழும்புப் பக்கம் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ அன்றிரவு தங்கச் செய்யுங்கள்.